பாம்புப் பெட்டிக்குள் பொந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. வீட்டுக்குள் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம், சந்தையில் இரண்டும் கலந்து. முன்னறையில் 4 அடி நீளப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒரு பால் பைத்தான், பெயர் அம்மிணி. பெயரைக் கேட்டதும் 'பால் குடிக்குமா?' என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. குடிக்காது. எந்தப் பாம்புக்கும் பாலைச் செரிக்கிற வயிறு இல்லை. பயந்தால் பந்து மாதிரிச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் அந்தப் பந்துதான் பெயராகி, தமிழில் எழுதும்போது பாலாகிவிட்டது.

பாம்பு வளர்ப்பவர்களும் வளர்க்க நினைப்பவர்களும் என்னிடம் கேட்பதில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: பெட்டிக்குள் அது ஒளிய என்ன வைப்பது, எங்கே வைப்பது, எத்தனை வைப்பது. கடைக்காரர்கள் இதை 'ஹைட்' என்பார்கள். எனக்குப் பொந்து என்று சொன்னால்தான் பொருந்துகிறது. இங்கே சொல்வதெல்லாம் பால் பைத்தானையும், கார்ன் ஸ்நேக் என்கிற விஷமில்லாத அமெரிக்கப் பாம்பையும் மனதில் வைத்து எழுதியது.

பெட்டியே பாதுகாப்பான இடம்தானே, அதற்குள் ஒளிய இன்னொரு இடம் எதற்கு?

நமக்குத்தான் அது பாதுகாப்பான இடம். பாம்புக்கு அது நாலு பக்கமும் திறந்து கிடக்கும் வெட்டவெளி. கண்ணாடி என்று ஒன்று இருப்பது அதற்குப் புரியாது. கண்ணாடிக்கு வெளியே நாம் நடக்கிறோம், பூனை நடக்கிறது, டிவி மின்னுகிறது. கழுகுக்கும் கீரிக்கும் தப்பிப் பிழைத்து வந்த இனம் அது. மேலே எது அசைந்தாலும் ஆபத்து என்றுதான் அதன் உடம்பு எடுத்துக்கொள்ளும்.

பால் பைத்தான் செனகல் முதல் உகாண்டா வரை ஆப்பிரிக்காவின் குறுக்கே காணப்படும் பாம்பு. பகலில் எலி வளைக்குள்ளும் பழைய கரையான் புற்றுக்குள்ளும் கிடக்கும். இருட்டிய பிறகுதான் வெளியே வரும். வளை தோண்டுவது எலி, புற்றுக் கட்டுவது கரையான். பாம்பு குடி போகிறது, அவ்வளவுதான்.

பெட்டி வந்த புதிதில் எங்கள் அம்மாயி பார்க்க வந்தார். அப்போது உள்ளே ஒரு தண்ணீர்க் கிண்ணமும் பிளாஸ்டிக் செடி ஒன்றும் மட்டும்தான் இருந்தன. பாம்பு மூலையில் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏங்கண்ணு, கரையான் புத்தெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதைதான? இங்க கரையான் யாரு? நீதான் கட்டிக் குடுக்கோணும்." பாம்பு வளர்ப்பு பற்றி அவர் ஒரு வரி படித்தவரில்லை. அன்று சாயங்காலமே ஒரு சட்டியை உடைத்து உள்ளே வைத்தேன்.

ஒளிய இடமில்லாத பாம்பு என்ன செய்யும் என்றால், முதலில் சாப்பாட்டை நிறுத்தும். அப்புறம் இரவெல்லாம் மூக்கைக் கண்ணாடியிலும் மூடிக் கம்பியிலும் தேய்க்கும். மூக்கு நுனிச் செதில் உரிந்து புண்ணாகும். கையில் எடுத்தால் சீறும், கொத்தும். 'முரட்டுப் பாம்பு' என்று பெயர் வாங்கி வேறு கைக்கு விற்கப்பட்ட பாம்புகளில் பல, ஒரு சட்டி இல்லாமல் முரடானவை என்பது என் எண்ணம்.

எத்தனை பொந்து வேண்டும்?

குறைந்தது 2. பெட்டியின் ஒரு பக்கத்தை மட்டும்தான் அடியிலிருந்து சூடாக்குவோம். அந்தச் சூடான பக்கம் ஒன்று, மறுபுறம் குளிர்ந்த பக்கம் ஒன்று. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் இன்னும் நல்லது.

ஏன் ஒன்று போதாது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். பாம்பின் உடம்பு தானாகச் சூடு உண்டாக்கிக்கொள்ளாது. எலியை விழுங்கினால் செரிக்கச் சூடான இடத்துக்குப் போக வேண்டும், உடம்பு காய்ந்தால் குளிர்ந்த இடத்துக்கு நகர வேண்டும். பொந்து ஒன்றுதான் என்றால் அது வெப்பத்தைப் பார்க்காது, மறைவைத்தான் பார்க்கும். பொந்து குளிர்ந்த பக்கம் இருந்தால், வயிற்றில் எலியோடு அங்கேயே கிடக்கும். செரிக்காமல் இரண்டு மூன்று நாளில் கக்கும். சூடான பக்கம் இருந்தால், வெந்தாலும் வெளியே வராது. பயமா சூடா என்று கேட்டால் பாம்பு எப்போதும் பயத்துக்குத்தான் பதில் சொல்லும்.

மூன்றாவதாக ஈரப்பொந்து ஒன்று, சட்டை உரிக்கும் காலத்துக்கு. அதைப் பிறகு சொல்கிறேன். இடையில் கிடக்கும் வெட்டவெளியில் செயற்கை இலை, காய்ந்த பலா இலை, ஒரு கிளை என்று எதையாவது போட்டு வையுங்கள். ஒரு பொந்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியும் மறைவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நடக்கவே தயங்கும்.

பொந்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

சின்னதாக. இதில்தான் எல்லோரும் தவறு செய்கிறோம். பெரிய வீடு வசதி என்பது மனிதப் புத்தி. சுருண்டு படுத்தால் முதுகும் விலாவும் சுவரைத் தொட வேண்டும், அப்போதுதான் அதற்கு நிம்மதி. பாம்பு இயல்பாகச் சுருண்டு கிடக்கும்போது மேலிருந்து பார்த்து அந்த வட்டத்தின் அகலத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அதைவிட ஓரிரு விரல் கூடுதலாக இருந்தால் போதும். கூரையும் தாழ்வாக இருக்கட்டும்.

வாசல் ஒன்றே ஒன்று. எலி விழுங்கிய பிறகு வயிறு புடைத்திருக்கும்போதும் உரசாமல் நுழைகிற அளவு வேண்டும். குட்டிக்கு இரண்டு விரல், வளர்ந்ததற்கு நாலு விரல் அகலம் என்பது என் கணக்கு. குட்டியாக இருந்தபோது வைத்த பொந்தையே ஒன்றரை வருஷம் வைத்திருப்பவர்கள் உண்டு. பாதி உடம்பு வெளியே வழிந்து கிடந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

கடையில் வாங்க வேண்டுமா, வீட்டிலேயே செய்யலாமா?

கடையில் மண்டை ஓடு வடிவத்தில், கோட்டை வடிவத்தில், பாறை வடிவத்தில் எல்லாம் இருக்கிறது. விலையைப் பார்த்தால் எனக்குத்தான் ஒளிந்துகொள்ளத் தோன்றும். நானும் ஆசைப்பட்டு ஒரு மண்டை ஓடு வாங்கினேன். கண் துளை, மூக்குத் துளை, வாய் என்று ஐந்து பக்கமும் வெளிச்சம். உள்விளிம்பு அரம் மாதிரி இருந்தது. அம்மிணி ஒரு முறை தலையை விட்டுப் பார்த்துவிட்டு அதன்பின் அந்தப் பக்கமே போகவில்லை. இப்போது அதில் மணி பிளான்ட் வளர்கிறது.

எங்கள் பக்கத்துக்கு மண்சட்டிதான் சரி. சந்தையில் மீன்குழம்பு வைக்கிற அகலச் சட்டி கிடைக்கும். பூச்சு, மெருகு எதுவும் இல்லாத வெறும் சட்டியாக வாங்குங்கள். ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். ஊறிய ஓட்டை அறுப்பது எளிது, தூசியும் பறக்காது. மறுநாள் விளிம்பில் கரிக்கட்டியால் அரைவட்டம் வரைந்து, இரும்பு அறுக்கும் ஹேக்ஸா பிளேடால் கோட்டின் மேல் மெதுவாக இழுங்கள். அவசரப்பட்டால் 'டக்' என்று விரிசல் ஓடிவிடும். என் முதல் இரண்டு சட்டிகள் அப்படித்தான் போயின. இரண்டு பக்கமும் ஒரு விரற்கடை ஆழம் அறுத்த பிறகு நடுத்துண்டைக் குறடால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுக்கலாம். அப்புறம் அந்த வளைவை சிமென்ட் வாசற்படியில் தேயுங்கள், உங்கள் உள்ளங்கையை வைத்து அழுத்தி இழுத்தால் கீறாத வரைக்கும். பாம்பின் வயிற்றுத் தோல் உங்கள் உள்ளங்கையைவிட மெல்லியது.

கவிழ்த்து வைத்தால் பொந்து தயார். ஆனால் ஒன்று கவனியுங்கள்: படுக்கையாகப் பரப்புகிற தேங்காய்ப் பித்தின் (தேங்காய் நார்த்தூள்) மேல் வைக்காதீர்கள். பெட்டியின் அடித்தரையிலேயே சட்டி உட்கார வேண்டும், சுற்றிலும் பித்தைப் பரப்புங்கள். பித்தின் மேல் வைத்தால் பாம்பு அடியில் தோண்டிப் போகும், பாரம் சரிந்து உடம்பை நசுக்கும். கற்களை அடுக்கிக் குகை கட்டுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. ஒட்டாத கல்லை ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கவே கூடாது.

பூந்தொட்டியைக் கவிழ்த்து வைப்பதாக இருந்தால் அடியில் தண்ணீர் வடிகிற துளை இருக்கும், அதை அடைத்துவிடுங்கள். தலை நுழைந்த இடத்தில் உடம்பும் நுழையும் என்று பாம்பு நம்பும். பாதியில் மாட்டிக்கொண்டால் செதில் எதிர்ப்பக்கம் விரியும், பின்னால் இழுக்க முடியாது. தொட்டியை உடைத்துத்தான் எடுக்க வேண்டிவரும்.

கொட்டாங்குச்சி, அட்டைப்பெட்டி, ஓடு, பைப் இதெல்லாம்?

கொட்டாங்குச்சி குட்டிப் பாம்புக்கு அருமையான பொந்து. நாரைச் சுரண்டி, உள்ளே ஒட்டியிருக்கும் தேங்காயை முழுக்க எடுத்து, வெந்நீரில் கழுவி வெயிலில் காய வைத்துவிடுங்கள். பருப்பு ஒட்டியிருந்தால் எறும்பு வரும். எறும்பு வந்தால் பாம்புக் குட்டிக்கு வேறு எதிரி தேவையில்லை.

பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் வளைந்த நாட்டு ஓடு நல்ல நடைபாதை. இரண்டு பக்கமும் திறந்திருப்பதால் முழுப் பொந்தாகாது, ஒரு பக்கம் கல்லை வைத்து அடைத்தால் ஆகும். பிவிசி பைப் துண்டு கார்ன் ஸ்நேக்குக்குப் பிடிக்கும். ஆனால் உள்ளே போன பாம்பை வெளியே எடுப்பது நம் பாடு. ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்துக் கதவு வெட்டினாலும் போதும், ஒளி புகாத நிறமாக இருந்தால் சரி. வெளுத்த, உள்ளே தெரிகிற டப்பா பொந்தே அல்ல. பாம்புக்கு அழகு வேண்டாம், இருட்டு வேண்டும்.

அட்டைப்பெட்டி மலிவு, நனைந்தால் தூக்கிப் போட்டுவிடலாம். ஆனால் ஒட்டியிருக்கும் டேப்பை ஒரு துண்டு விடாமல் உரித்துவிடுங்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு செருப்புப் பெட்டியின் உள்மூலையில் செல்லோ டேப் இருந்ததைக் கவனிக்காமல் வைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் டேப் அம்மிணியின் கழுத்துக்குக் கீழே இரண்டு சுற்று ஒட்டியிருக்கிறது, பெட்டியும் கூடவே வருகிறது. இழுத்தால் தோலோடு வரும். தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் நனைத்து, விளிம்பு விளிம்பாக ஊறவைத்து, தலையிலிருந்து வால் பக்கமாக, செதிலின் போக்கிலேயே எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. மூன்று செதில் போயிற்று, அடுத்த இரண்டு சட்டைக்குப் பிறகுதான் அந்தத் தடம் மறைந்தது. அன்றிலிருந்து பெட்டிக்குள் டேப், ஸ்டிக்கர், ஃபெவிகால் எதுவும் கிடையாது.

மரத்தில் தேவதாரு, பைன் வகைகள் வேண்டாம். அந்த எண்ணெய் வாசம் மூச்சுக் குழாயைக் கெடுக்கும். வார்னிஷ் வாசம் அடிக்கிற எதுவும் அப்படியே.

பொந்துக்குள் எவ்வளவு சூடு இருக்க வேண்டும்?

பால் பைத்தானுக்குச் சூடான பொந்துக்குள் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பொந்தில் 25 முதல் 27. கார்ன் ஸ்நேக்குக்கு இரண்டும் கொஞ்சம் குறைவு: 29 முதல் 31, மறுபக்கம் 22 முதல் 26.

எங்கே அளக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். பெட்டிச் சுவரில் ஒட்டிய வட்டக் கடிகார மாதிரியான தெர்மாமீட்டர் அறையின் காற்றைத்தான் சொல்லும். கம்பி முனையுள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்தான். முனையைப் பொந்துக்குள், பாம்பின் வயிறு படுகிற தரையில் வையுங்கள். சூடான பொந்துக்கு ஒன்று, குளிர்ந்ததற்கு ஒன்று.

ஹீட் மேட், அதாவது கரண்டில் சூடாகிற விரிப்பு, பெட்டிக்கு வெளியே, அடியில், தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல். சூட்டை அளந்து கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட்டை பிளக்கில் சொருகவே சொருகாதீர்கள். மேட்டின் மேல் சட்டி கவிழ்ந்திருந்தால் அடியில் சூடு தேங்கும், திறந்த தரையைவிட அங்கே எப்போதும் கூடுதல். ஒரு தடவை பெட்டியைத் துடைத்தபோது தெர்மோஸ்டாட் முனை நழுவி வெளியே விழுந்தது எனக்குத் தெரியவில்லை. அது குளிர்ந்த காற்றை அளந்துகொண்டு மேட்டை ஓயாமல் எரியவிட்டது. மூன்று நாள் அம்மிணி சூடான பொந்துப் பக்கம் போகவே இல்லை. குளிர்ந்த சட்டிக்குள், அதுவும் தூரத்துச் சுவரோடு ஒட்டிக் கிடந்தாள். சந்தேகப்பட்டு சூடான சட்டிக்குள் கையை விட்டேன், பொறுக்கவில்லை. அளந்தால் 41. அவளுக்கு இரண்டாவது பொந்து ஒன்று இருந்ததால் பிழைத்தாள்.

அதனால் தெர்மாமீட்டரோடு பாம்பையும் படியுங்கள். எப்போதும் ஒரே பக்கம் கிடந்தால் மறுபக்கத்தில் ஏதோ கோளாறு.

மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயிலுக்கு என்ன செய்வது?

கேரளா என்றால் எப்போதும் மழை என்று நினைப்பவர்கள் ஏப்ரலில் சித்தூர் தாலுகாவுக்கு வந்து ஒரு நாள் தங்கிப் பார்க்கட்டும். மலைத்தொடர் விலகி நிற்கிற பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்களைத்தான் முதலில் காய்ச்சும். வெளியே 40 தொடும். ஓட்டு வீட்டுக்குள் மத்தியானம் 36, 37 சாதாரணம். அப்போது கவலை சூடான பொந்தைப் பற்றி அல்ல, குளிர்ந்த பொந்தைப் பற்றி. பெட்டி முழுக்க 35 தாண்டினால் பாம்பு ஒளிய ஓர் இடமும் இல்லை, உயிருக்கே ஆபத்து.

முதலில் மேட்டை அணைத்துவிடுங்கள். பெட்டியை மேற்குச் சுவரிலிருந்து தள்ளி, முடிந்தால் தரையில் வையுங்கள், சிமென்ட் தரை குளிர்ச்சி. அப்புறம்தான் மண்சட்டியின் மகிமை. குளிர்ந்த பக்கச் சட்டியை வெளியே எடுத்து, தண்ணீரில் முக்கி, சொட்டு வடிந்த பிறகு திரும்ப வையுங்கள். பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படியே: ஓட்டின் துளைகளில் உள்ள நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். காற்று காய்ந்திருக்கும் அந்த மாதங்களில்தான் இது நன்றாக வேலை செய்கிறது. எங்கள் வீட்டில் ஈரச் சட்டிக்குள் அறையைவிட 3, 4 டிகிரி குறையும். சாயங்காலம் இன்னொரு தடவை நனைப்பேன். பிளாஸ்டிக் பொந்தில் இந்த வித்தை நடக்காது.

கரண்ட் போனால் ஃபேனும் நிற்கும். நீர் நிரப்பி உறைய வைத்த பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டி மூடியின் மேல், குளிர்ந்த பக்கம் வையுங்கள். உள்ளே வேண்டாம்.

மழைக்காலத்திலும் சட்டை உரிக்கும்போதும்?

ஜூனில் கதை தலைகீழ். காற்றிலேயே ஈரம் 85, 90 சதவீதம் ஓடும். நனைத்த சட்டியில் பூஞ்சை பிடிக்கும். பால் பைத்தானுக்குச் சாதாரணமாக 55 முதல் 65 போதும், கார்ன் ஸ்நேக்குக்கு 40 முதல் 60. மழைக்காலத்தில் ஈரப்பொந்தை எடுத்துவிட்டு, மூடியின் காற்றுவழியைத் திறந்து, சட்டியை வாரம் ஒரு முறை அடுப்பங்கரைச் சூட்டில் காய வைப்பேன். ஈரத்திலேயே கிடந்தால் வயிற்றுச் செதிலில் கொப்புளம் வரும், சளி பிடித்து மூச்சுவிடும்போது சத்தம் கேட்கும்.

மற்ற மாதங்களில், கண் பால் நிறமாக மங்கி, நிறம் வெளுத்தால் சட்டை உரிக்கப் போகிறது. அப்போது ஈரப்பொந்து: மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, பக்கத்தில் ஒரு வாசல், உள்ளே நனைத்துப் பிழிந்த ஸ்பாக்னம் பாசி (ஈரம் பிடித்து வைக்கிற பாசி, காய்ந்ததாகக் கிடைக்கும்). பிழிந்தால் ஒரு சொட்டுக்கு மேல் வரக் கூடாது. வைக்கும் இடம் இரண்டு பக்கத்துக்கும் நடுவில், அல்லது சற்றுச் சூடான பக்கம் தள்ளி. சட்டை தலையிலிருந்து வால் வரை ஒரே உறையாக வந்தால் எல்லாம் சரி. துண்டு துண்டாக வந்தாலோ, கண் மேல் இருக்கும் மூடி ஒட்டிக்கொண்டாலோ, ஈரம் போதவில்லை. கண் மூடியை நகத்தால் உரிக்காதீர்கள். ஈரப்பொந்தில் இன்னும் ஒரு நாள் விட்டுப் பாருங்கள், போகவில்லை என்றால் பாம்பு பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம்.

எப்போது பார்த்தாலும் உள்ளேயே கிடக்கிறது. நோயா?

இல்லை, அது பகலில் தூங்குகிறது. நீங்கள் பகலில் பார்க்கிறீர்கள்.

புதிதாக வந்த பாம்பு ஒரு வாரம், பத்து நாள் தலை காட்டாமல் இருப்பதும் சகஜம். அந்த நாட்களில் தண்ணீர் மாற்றுவது தவிரக் கையே வைக்காதீர்கள். சட்டியைத் தூக்கித் தூக்கி 'இருக்கிறதா' என்று பார்ப்பது வேண்டவே வேண்டாம். பொந்தின் கூரை தினமும் பறக்குமானால் அது பொந்தாகாது.

கவலைப்பட வேண்டியது வேறு: உடம்பு மெலிந்து முதுகெலும்பு கூரை மாதிரித் தெரிவது, வாயைத் திறந்து மூச்சுவிடுவது, நாளெல்லாம் தண்ணீர்க் கிண்ணத்திலேயே ஊறிக் கிடப்பது. கிண்ணத்தில் கிடப்பதற்கு மூன்று காரணம் பார்ப்பேன். பெட்டி அதிகச் சூடு, அல்லது ஒளிய வேறு இடம் இல்லை, அல்லது உண்ணி. கிண்ணத்துத் தண்ணீரை வெள்ளைத் தாளில் ஊற்றிப் பாருங்கள். கசகசாவைவிடச் சின்னதாகக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் பாம்பு உண்ணி. மரப்பட்டைப் பொந்து, விரிசல் விட்ட சட்டி எல்லாவற்றையும் அன்றே வெளியே எறிந்துவிடுங்கள், முட்டை அந்த இடுக்குகளில்தான் இருக்கும். மருந்துக்கு மருத்துவர்.

பொந்திலிருந்து எப்படி எடுப்பது? சாப்பாடு?

வாசல் வழியாகக் கையை விட்டு இழுக்காதீர்கள். எலி வருகிற வழி அது, வருவதெல்லாம் எலி என்றே நினைக்கும். சட்டியை நேராக மேலே தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, சுருட்டிய தாளால் முதுகை மெதுவாகத் தொடுங்கள். தாள் தொட்டால் இன்று சாப்பாடு இல்லை என்று சில வாரத்தில் பழகிவிடும். பிறகு நடு உடம்பில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கலாம்.

சாப்பாட்டை இருட்டிய பின், உறைய வைத்துப் பிறகு பனி விட்ட எலியை நீளக் கிடுக்கியில் பிடித்து வாசலருகே காட்டுங்கள். பொந்துக்குள் இருந்தபடியே பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். சாப்பிட்ட பின் 2 நாள் தொடக் கூடாது. பால் பைத்தான் குளிர் மாதங்களில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். எடை குறையாதவரை பதற வேண்டாம்.

கீழே என்ன பரப்புவது? அதிலேயே ஒளியாதா?

பொள்ளாச்சிப் பக்கம் மலை மலையாகக் குவிந்திருக்கும் தேங்காய்ப் பித்து நல்ல படுக்கை. கழுவாத பித்தில் உப்பு அதிகம், இரண்டு மூன்று தண்ணீரில் அலசிக் காய வைத்துப் போடுங்கள். பொடித் தூசி பறந்தால் சலித்துவிடுங்கள். கென்யா நாட்டு மணல் போவா மாதிரி மண்ணுக்குள் புதைகிற பாம்புகளுக்குப் படுக்கையே பொந்து, அவற்றுக்கு 10 செ.மீ. ஆழமாவது வேண்டும். பால் பைத்தான் கொஞ்சம் தள்ளிப் பார்க்கும், ஆனால் படுக்கை மட்டும் அதற்குப் போதாது.

சுத்தம்?

எச்சம் கண்டால் உடனே. மண்சட்டியைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்து வெயிலில் காய வைத்தால் போதும். பிளாஸ்டிக்குக்கு ஒரு பங்கு பிளீச், பத்துப் பங்கு தண்ணீர், பத்து நிமிஷம், வாசனை போகும்வரை அலசல். மண்ணில் பிளீச் ஊறிவிடும், வேண்டாம். கறுப்பு ஃபினாயில், டெட்டால், அந்துருண்டை, கொசுவர்த்தி இவை பாம்பு இருக்கும் அறைக்குள்ளேயே வரக் கூடாது. எல்லாப் பொந்தையும் ஒரே நாளில் கழுவாதீர்கள். ஒன்றிலாவது அதன் சொந்த வாசம் இருக்கட்டும்.

தோட்டத்தில் ஒரு சாரைக் குட்டி கிடைத்தது. சட்டி வைத்து வளர்க்கலாமா?

கூடாது. சாரை, மலைப்பாம்பு, மண்ணுளி என்று நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இருதலைப் பாம்பு என்று கதை கட்டி மண்ணுளியை விற்க வருகிறவர்களிடம் பேச்சே வேண்டாம். வீட்டுக்குள் பாம்பு வந்தால், எல்லைக்கு இந்தப் பக்கம் கேரள வனத்துறையின் சர்ப்பா செயலியில் பயிற்சி பெற்ற மீட்பாளர்களின் எண் கிடைக்கும். அந்தப் பக்கம் என்றால் தமிழ்நாடு வனத்துறை அல்லது தீயணைப்பு நிலையம்.

வெளிநாட்டுப் பாம்பிலும் விதி உண்டு. பால் பைத்தான், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்கிற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், 2022 சட்டத் திருத்தத்தின்படியும் 2024-ல் வந்த விதிகளின்படியும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும். வீடு எந்த மாநிலமோ அந்த மாநிலத் தலைமை வனஉயிரினக் காப்பாளரிடம் கணக்கு. வேலந்தாவளத்தில் தெருவின் ஒரு முனை தமிழ்நாடு, மறுமுனை கேரளா என்பதால் இதைச் சொல்கிறேன். பாம்பு வாங்குவதற்கு முன்பே விற்பவரிடம் பதிவுத் தாளைக் கேளுங்கள். 'அப்புறம் தருகிறேன்' என்றால் சட்டியை மீன்குழம்புக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒளிந்தே கிடந்தால் எப்படிப் பார்ப்பது? பார்க்கத்தானே வளர்க்கிறோம்?

நன்றாக ஒளிய இடம் கொடுத்தால்தான் பார்க்கக் கிடைக்கும். எங்கள் வீட்டில் சட்டி வைப்பதற்கு முன் அம்மிணி மூலையில் ஒரே இடத்தில் கிடப்பாள். அதைப் பார்ப்பது என்று சொல்ல முடியாது. பெட்டியின் மூன்று பக்கமும் வெளிப்புறத்தில் பழைய தினத்தாளை ஒட்டி மறைத்து, இரண்டு சட்டியும் வைத்த பிறகு மூன்றாம் வாரம் அது நடந்தது.

இரவு எட்டரை மணி. விளக்கை அணைத்துவிட்டு, சாமி மாடத்து மங்கல் பல்பு மட்டும். அம்மாயி பாயில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். சட்டி வாசலில் முதலில் நாக்கு மட்டும் தெரிந்தது. இரண்டு தடவை வந்து போயிற்று. அப்புறம் மூக்கு. அப்படியே அரை மணி நேரம், வாசலில் நாடியை வைத்துக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கும் கிழவி மாதிரி. பிறகு உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக வழிந்து வந்து, இலைகளுக்கு அடியில் போய், கிளை மேல் ஏறி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களை நோக்கி நாக்கை நீட்டியது.

அம்மாயி வெற்றிலையைக் கீழே வைக்கவில்லை. "சத்தம் போடாத கண்ணு," என்றார், "மறுபடி உள்ள போயிரப் போகுது."